விழுந்தவரைத் தேட வேண்டும்

சிவகாசி,
14-2-1972

அன்பும் மரியாதையும் உள்ள சிவஞானம் அண்ணாச்சிக்கு,

உதயம் எழுதுகிறேன். நானும் ஜெயலட்சுமியும் பிள்ளைகளும் சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். கப்பலில் ஜெயலட்சுமி தலை தூக்கவே இல்லை. மெட்ராஸில் கால் வைத்ததும், "இனிமே அந்தமான் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நான் சொல்ல வேண்டிய சங்கதியும் அதை ஒட்டியதுதான். மர டிப்போ வேலைக்கு ராஜினாமா எழுதி அனுப்பிவிட்டேன். திட்டுவீர்கள். திட்டி முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

மாமனார் அச்சாபீஸில் வருஷத்தில் பாதி நாள் மெஷின் சும்மா கிடக்கிறது. அங்கே லாங் ஐலண்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாம் ஆடுகிற ஆட்டத்தைப் பெட்டியில் போட்டு விற்கலாம் என்று அவரிடம் சொன்னேன். பலகையில் தீவும் ஓடையும் வரைந்திருக்கும், ஒவ்வொருவரும் தோணிக்காரன், நர்ஸ், காண்ட்ராக்டர் என்று ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம், அந்த ஆள் என்ன செய்கிறான் என்று வாயால் சொல்லுவோம், சோழி உருட்டுவோம், நடுவில் அண்ணாச்சி உட்கார்ந்து மழை வந்தது, முதலை வந்தது என்று கதையை நடத்துவார் என்று விளக்கினேன். "இதுல ஜெயிக்கிறது யாரு மாப்ளே?" என்றார். யாரும் ஜெயிப்பதில்லை, அடுத்த வாரமும் அதே கதை தொடரும் என்றேன். எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மறுபடி அதையே கேட்டார்.

ஆனாலும் சம்மதித்துவிட்டார். ஆட்டத்தின் சட்டங்களை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும். உங்களை நம்பித்தான் சர்க்கார் சம்பளத்தை விட்டேன்.

உங்கள் தம்பி,
உதயசூரியன்

* * *

லாங் ஐலண்ட்,
19-3-1972

தம்பி உதயத்துக்கு,

ஆசீர்வாதம். சர்க்கார் உத்தியோகத்தை உதறியவனுக்கு வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உன் கடிதத்தை பிஸ்வாஸ் மாஸ்டரிடம் படித்துச் சொன்னேன். "பாகல் ஹை கியா?" என்று உன்னைப் பைத்தியக்காரனாக்கி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பிறகு ஜெயலட்சுமி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். உனக்குப் பதிலாக இப்போது கம்பவுண்டர் ஆடுகிறார். காட்டுக்குள் போகச் சொன்னால் மருந்துப் பெட்டியைத் தேடுகிறார்.

சட்டம் எழுத உட்கார்ந்தால் சட்டம் என்று ஒன்றுமே இல்லை. எல்லாம் அந்தந்த நேரத்துக்கு வாயில் வந்ததுதான். பிடித்து இழுத்து எழுதியிருக்கிறேன். எது வேண்டுமானாலும் கூட்டு, குறை. ஒன்றை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். யாருடைய ஆளாவது தண்ணீரில் விழுந்தால் மற்ற எல்லோரும் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு அவனைத் தேடிப் போக வேண்டும். கிடைக்கிற வரைக்கும் ஆட்டம் நகரக் கூடாது. அதில் கை வைக்காதே.

உன் மதினி விசாலாட்சி கண்ணை மூடிய பிறகு வாரத்தில் எனக்கென்று இருப்பது அந்த ஞாயிறு சாயங்காலம் ஒன்றுதான். அதைப் பெட்டியில் போட முடியுமா என்று எனக்குச் சந்தேகம். உன் பிழைப்பு இதில் இருக்கிறது என்பதால் அனுப்புகிறேன். ஜாக்கிரதை.

அன்புடன்,
சிவஞானம்

* * *

சிவகாசி,
2-5-1973

அண்ணாச்சிக்கு,

நாலு மாசமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் நல்லதாக இல்லை.

பெட்டிகள் விற்கவில்லை. மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் கடைகளில் வைத்தது அப்படியே திரும்பி வந்துவிட்டது. வாங்கிப் போனவர்களில் சிலர் திருப்பிக் கொண்டுவந்து, "பலகை இருக்கு, சோழி இருக்கு, ஆட்டம் எங்கே?" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். சித்திரைப் பொருட்காட்சியில் ஒரு ஸ்டால் எடுத்து நானே உட்கார்ந்து உங்களைப் போல் கதை நடத்தினேன். கூட்டம் நெரிந்தது. குழந்தைகள் எழுந்து போக மாட்டேன் என்று அழுதார்கள். ஒரு அம்மாள் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதோட நீங்களும் வீட்டுக்கு வருவீங்களா தம்பி?" என்றார். வரமாட்டேன் என்றதும் கீழே வைத்துவிட்டார். எல்லோரும் அப்படித்தான் அண்ணாச்சி. கதையைக் கேட்டார்கள், பெட்டியை வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது வீடு முழுக்கப் பெட்டி. பிள்ளைகள் அதன் மேல் பாயை விரித்துப் படுக்கிறார்கள். ஜெயலட்சுமி என்னோடு பேசி வெகு நாளாகிறது. பட்டாசு ஆபீஸ்காரர் வந்து, தாளை எடைக்குப் போட்டால் வெடிக்குழாய் சுற்ற எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மாமனார் தலையாட்டினார். நான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். செத்துப் போகலாம் என்று தோன்றியது. மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒரு வழி இருக்கிறது. மதுரையில் குழந்தைவேலு என்று விளையாட்டுச் சாமான் மொத்த வியாபாரி. ஆட்டத்தை மாற்றினால் முழுவதும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். கதை சொல்கிறவர் வேண்டாம். அரை மணியில் முடிய வேண்டும். முதலில் போர்ட் பிளேர் போய்ச் சேருகிறவர் ஜெயித்தவர். தண்ணீரில் விழுந்தவன் ஆட்டத்தை விட்டு வெளியே. "ஒருத்தன் விழுந்தா எல்லாரும் தேடிக்கிட்டே இருந்தா கடைக்காரன் கடையை எப்பய்யா சாத்துறது?" என்று கேட்கிறார். தீபாவளி வேலை தொடங்குமுன் மெஷின் ஓட்டியாக வேண்டும். உடனே எழுதுங்கள்.

உதயம்

* * *

லாங் ஐலண்ட்,
28-5-1973

உதயத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. கொல்லைப்பக்கம் நின்ற கதையை இனி எனக்கு எழுதாதே. எழுதும்படி நடந்துகொள்ளவும் செய்யாதே. பிள்ளைகளின் முகத்தைப் பார்.

கதை சொல்கிறவரை எடுத்துவிடு. அது நான்தானே, போகட்டும். அரை மணியில் முடிக்கிறாயா, முடி. எவனாவது ஜெயிக்கட்டும். ஆனால் விழுந்தவனை வெளியே தள்ளாதே. அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று உனக்கு மறந்திருக்காது, நீயும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய். மர மில் மெஸ்ஸில் சமைக்கிற சகாயசெல்வி முதல்முதலாக ஆட வந்த நாள். அவள் புருஷன் ஜெபராஜ் டிங்கித் தோணியில் ரங்கத் பக்கம் மீனுக்குப் போய்த் திரும்பாமல், நாம் எல்லோரும் ஓடை ஓடையாகத் தேடி, போதும் என்று மேலிடத்தில் சொல்லி நிறுத்தின அதே மழைக்காலம். அவள் கேட்டுத் தோணிக்காரனை எடுத்துக்கொண்டாள். சோழி கெட்டு அவன் தண்ணீரில் விழுந்ததும் பலகையையே பார்த்துக்கொண்டு, "இப்ப என்ன சார் செய்வாக?" என்றாள். தேடுவார்கள் அம்மா, கிடைக்கிறவரைக்கும் தேடுவார்கள் என்று என் வாயில் வந்தது. அன்றைக்கு எல்லோரும் தேடினோம், கிடைத்தான். அதற்குப் பிறகு அவள் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. அந்தப் பலகையில் அவன் எத்தனையோ தடவை விழுந்துவிட்டான், ஒரு தடவையும் நாம் விட்டுவிட்டு வரவில்லை.

மற்றதெல்லாம் வியாபாரம், உன் இஷ்டம். இது அப்படி இல்லை. முடியாவிட்டால் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டுக் கிளம்பி வா. மில்லில் டைம்கீப்பர் வேலைக்கு நான் சொல்லிப் பார்க்கிறேன். அவமானம் என்று நினைக்காதே. இங்கே வந்தவர்கள் எல்லோரும் அங்கே ஏதோ ஒன்றில் தோற்று வந்தவர்கள்தானே.

சிவஞானம்

* * *

சிவகாசி,
10-11-1973

அண்ணாச்சிக்கு,

பொய் எழுத மாட்டேன். உங்கள் கடிதம் நேரத்தோடு வந்து சேர்ந்தது. அச்சாபீஸில் நின்றுகொண்டே பிரித்துப் படித்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாமனார் எதிரே நின்றார், குழந்தைவேலுவின் ஆள் வாசலில் உட்கார்ந்திருந்தார். குழந்தைவேலு கேட்டபடியே ஓட விட்டேன். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

விற்கிறது அண்ணாச்சி. தீபாவளிக்குள் எல்லாம் போய்விட்டது, பொங்கலுக்கு மறுபடி கேட்கிறார்கள். வீட்டில் நடக்க இடம் வந்துவிட்டது. ஜெயலட்சுமி நேற்று எனக்குத் தட்டு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்காகத்தான் செய்தேன். வேறு எதற்கும் இல்லை.

உங்களுக்கு என்னால் முடிந்த மரியாதை ஒன்று செய்திருக்கிறேன். குழந்தைவேலு வேண்டாம் என்று சொல்லியும் பிடிவாதம் பிடித்து, பெட்டியின் மேலும் சட்டப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் 'ஆட்டத்தைச் செய்தவர்: லாங் ஐலண்ட் சிவஞானம்' என்று பெரிய எழுத்தில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கென்று சில பெட்டிகள் கப்பலில் அனுப்பியிருக்கிறேன்.

பொங்கலுக்குள் இன்னொரு ஆட்டம் யோசித்துத் தர முடியுமா? மனசு வைத்தால் உங்களால் முடியும். என்னை மன்னியுங்கள் என்று கேட்கும் தைரியம் இல்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உதயம்

* * *

லாங் ஐலண்ட்,
20-1-1974

உதயசூரியனுக்கு,

பெட்டிகள் வந்தன. நான் தேக்குக் கணக்கெடுக்கக் காட்டுக்குள் போயிருந்த வாரம் பார்சல் வந்துவிட்டது. கம்பவுண்டர் வாங்கிப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். படம் எல்லாம் அழகாக இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது மூன்று பலகை விரித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார இடம் கேட்டேன். "ஆயியே, ஆயியே" என்று பிஸ்வாஸ் மாஸ்டர் நகர்ந்து கொடுத்தார். இதில் எனக்கு வேலை ஒன்றும் இல்லையே. ஓரமாக இருந்து பார்த்தேன்.

சகாயசெல்வி எப்போதும் போலத் தோணிக்காரனை எடுத்திருந்தாள். சோழி கெட்டு அவன் விழுந்தான். அவள் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கம்பவுண்டர் புத்தகத்தைப் புரட்டிப் படித்துவிட்டு, நல்ல மனுஷன்தான், சும்மா சாதாரணமாக, "நீங்க அவுட் அம்மா" என்றார். சோழி அடுத்த கைக்குப் போனது. தேடலாம் என்று நான் சொன்னேன். "புக்கில் அப்படி இல்லையே சார்" என்றார்கள். யாரோ போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்து கைதட்டினார்கள். பலகையை மடித்துவிட்டார்கள். எல்லாம் முடிந்து அவளும் நானும்தான் மிச்சம்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெட்டியைக் கையில் எடுத்து, மேலே இருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். "இது நீங்கதான சார்?" என்றாள். ஆமாம் என்றேன். என் பெயர்தானே. "அப்ப தேட வேண்டாம்னு நீங்கதான் எழுதிருக்கீகளா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெட்டி அவள் கையில் இருந்தது. அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் அதை என் பக்கத்தில் வைத்துவிட்டு மெஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை. அவளே கொண்டுவருகிற என் மெஸ் சாப்பாடு இப்போது பையன் கையில் வருகிறது.

மற்றவர்கள் இரண்டு ஞாயிறு ஆடினார்கள், அலுத்துவிட்டது. இப்போது அந்த நேரத்தில் சீட்டுக் கச்சேரி நடக்கிறது. நான் போவதில்லை.

உன் வீடு நிமிர்ந்ததில் எனக்குச் சந்தோஷம்தான், அது நிஜம். ஜெயலட்சுமிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். பொங்கலுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள். இன்னொரு ஆட்டம் என்னிடம் இல்லை. பெயரை எடுத்துவிடு என்று கேட்கலாம் என்று நினைத்தேன். எடுத்து என்ன பிரயோஜனம், படிக்க வேண்டியவள் படித்துவிட்டாள்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

சிவஞானம்