மூச்சு எண்ணிய மீன்காரம்மா

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை பத்து மணிக்கு அடையாறில் பத்திரிகைக்காக ஒரு பேட்டி எடுக்க வேண்டும். ராயப்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். மயிலாப்பூர் தாண்டும்போது அது வந்துவிட்டது. நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்துப்போயின. இதயத்தில் கோளாறில்லை, வெறும் பதற்றம்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த நேரத்தில் செத்துவிடுவேன் என்றே தோன்றுகிறது.

அதற்கென்றே போனில் ஒரு செயலி உண்டு. தொட்டால் ஒரு பெண்குரல் மூச்சை எண்ணித் தரும். தொட்டேன். குரல் வரவில்லை.

பக்கத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், இப்டி வேர்த்து ஊத்துது?"

"போன் மூச்சு எண்ணணும். எண்ண மாட்டேங்குது."

"அதுக்கு போனு எதுக்கு? நான் எண்றேன். இழு சார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இப்ப வுடு. மெதுவா! மூச்சு இன்னா மீனா, நழுவிப் போறதுக்கு?"

"யக்கா, நானும் இழுக்கட்டா?" என்றார் டிரைவர்.

"நீ ரோட்டப் பாரு நைனா."

சிரித்துவிட்டேன். அடையாறு வருவதற்குள் விரல்கள் சரியாகிவிட்டன. பேட்டியும் நன்றாக அமைந்தது.

மாலையில் அதை எழுத உட்கார்ந்தபோது, போனில் இன்னொரு ஒலிப்பதிவு இருந்தது. பேட்டி எடுத்து எடுத்து முப்பது வருடப் பழக்கம். பதற்றத்தில் கட்டைவிரல் செயலியை விட்டு ரெக்கார்டரைத் தொட்டிருக்கிறது. அந்த அம்மா எண்ணியது முழுவதும் பதிவாகியிருக்கிறது. மூன்று முறை கேட்டேன். இனி அவசரத்துக்கு இதுதான்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போதுதான் உறைத்தது. அவர் பெயரைக் கேட்கவே இல்லை. நல்ல நிருபர்! நாளை அடையாறில் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் அதே நேரத்துக்கு ஷேர் ஆட்டோ ஏற வேண்டும்.