வலது காதில் விழாத தாளம்

பாட்டு இருந்தால் சோறு கேட்காத என் மாப்பிள்ளை குமரேசா,

செல்போனில் படத்தை எடுத்து எடுத்துப் பார்ப்பாயே, வயர் வைத்த அந்த இயர்பட்ஸ், அதைப் போன வாரம் சேலத்தில் வாங்கிவிட்டேன். "இந்த ட்ரிப் முடியட்டும் மச்சா, மொத வேல இதுதான்" என்றாய். ட்ரிப் முடிந்தது. நீதான் திரும்பி வரவில்லை.

நீ சொன்னது அத்தனையும் நிஜம். நாதஸ்வரக்காரர் ஊதுவதற்கு முன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. போர்வெல் போடும் நம் ரிக் வண்டியில் நீ அலறவிட்ட பாட்டா இது என்று அசந்துபோனேன். ஆனால் தாளச் சத்தம் இடது பக்கம் மட்டும்தான் கேட்டது. வலது பக்கம் போர்வைக்குள் பாடுவது மாதிரி ஒரே மங்கல்.

எனக்குக் கோபம் வந்தால் எப்படி என்று உனக்குத் தெரியுமே. நேராகக் கடைக்குப் போய், "ஏனுங்க, நல்ல சாமான்னு சொல்லித்தான குடுத்தீங்க? ஒரு பக்கம் அவுட்டுங்க" என்று சத்தம் போட்டேன். கடையில் இருந்த பெண் நிதானமாக, "ரெண்டையும் பக்கம் மாத்திப் போட்டுப் பாருங்கண்ணா" என்றாள். மாற்றினேன். மங்கலாக இருந்த அதே இயர்பட் இடது காதில் கணீரென்று பாடியது. பழுது என் காதில், மாப்பிள்ளை. டாக்டரும் அதையே சொன்னார். போனது இனித் திரும்பாதாம்.

வலது காது மட்டும் ஏன்? ரிக்கில் துளை போடும் லீவரைப் பிடித்து நிற்பவனுக்கு வலது பக்கத்தில்தானே கம்ப்ரஸர் நாள் முழுக்க அலறுகிறது! உனக்குப் பிறகு அங்கே நிற்பவன் நான். எனக்கு முன்னால் எத்தனை வருஷம் நீ நின்றாய்?

உன் உயிர் போன அன்றைக்குக் குழாய் லாரி ரிவர்ஸில் வந்ததும் உன் வலது பக்கம்தான். ஹாரன் அடித்தார்கள், நாங்கள் கத்தினோம், நீ திரும்பவே இல்லை. பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று ஊரே முடிவு கட்டியது. உன் மனைவி, என் தங்கை சுமதி, இன்றுவரை அந்தப் பேச்சைச் சுமக்கிறாள். வலது காது கேட்கவில்லை என்று உனக்கே தெரிந்திருந்ததா? பாட்டை அவ்வளவு சத்தமாக வைத்தது அதனால்தானா?

நேற்று அவளிடம் சொன்னேன். "அப்ப அவரு அசால்ட்டா நிக்கலீங்களாண்ணா?" என்றாள்.

"இல்ல சாமி. அவனுக்குக் கேக்கல" என்றேன். அவள் அழுதாள். நானும்தான்.

அங்கிருந்தே முதலாளி வீட்டுக்குப் போய், வண்டியில் வேலை செய்யும் எல்லோருக்கும் காதுமூடி வேண்டும் என்று கேட்டேன். "காத மூடிக்கிட்டா, தொளைக்குள்ள கல்லு மாறற சத்தம் எப்பிடிறா தெரியும்?" என்றார்.

"லீவர்ல கை இருக்குதுங்க, அதுல தெரியுமுங்க. மூடி வராம நான் மிசின ஸ்டார்ட் பண்ண மாட்டனுங்க."

முறைத்தார். நான் நகரவில்லை. கடைசியில் வாங்கித் தந்தார்.

திங்கட்கிழமை திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கிளம்புகிறது. காதுமூடியைப் பார்த்துப் பையன்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். ஒருவன் போடாமல் நின்றாலும் கம்ப்ரஸர் ஓடாது. நீ பராக்குப் பார்த்தாய் என்று இனி எவனாவது சொல்லி என் நல்ல காதில் விழுந்தால், அவனை அங்கேயே நிறுத்தி நடந்ததைச் சொல்லாமல் விடமாட்டேன். இது சத்தியம்.

மிச்சமிருக்கும் ஒரு காதில் உன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும்,
சுமதியின் அண்ணன், உன் மச்சான்
தங்கவேல்