ஓவன் குமிழில் வைத்த திருநீறு

ஆவணி 9, திங்கள்

காலையிலிருந்து மூட்டம், மழை இல்லை. ஓவனிலிருந்து தட்டை வெளியே எடுத்தபோது அடுப்படியில் இருந்தவர்கள்: நான், அவர், அவருடைய அக்கா பொன்னாத்தா நங்கையா, மகள் சரசு. வேறு ஒருவரும் இல்லை.

பிஸ்கட் வெளுப்பு. நடுவில் பச்சை மாவு. முதல் முறை சுட்டபோதும் இதே நெய், இதே மைதா, குமிழ் இதே இரண்டாம் புள்ளி. அன்று இருபது நிமிடத்தில் பொன்னிறம். இன்று முப்பத்தைந்து ஆகியும் இப்படி.

அவர்: "நீ மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவுனியே, உள்ளே எறங்கியிருக்கும்." குன்னூர் பங்களா ஏலத்தில் எடுத்த பெட்டி. கழுவாமல் எப்படி அடுப்படியில் வைப்பது?

நங்கையா: "எத்தனை கழுவுனாலும் அதுல வெந்த கோழி போயிருமா அம்மிணி?" சிரித்துக்கொண்டேதான். பெட்டி வந்த நாள் முதல் அவர்களுக்கு இது பிடிக்கவில்லை. குறித்து வைக்கிறேன்.

10, செவ்வாய்

தட்டில் மைதாவைப் பரப்பி உள்ளே வைத்து, சூடேற எவ்வளவு நேரம் என்று பார்க்க, முருகன் பேரை 108 தரம் ஒரு சுற்றாக எண்ணினேன். ஐந்து சுற்று. மாவு நிறம் மாறவில்லை.

கரண்டு வேலைக்காரர் வந்து பார்த்தார். "கம்பி, வயரு எல்லாம் நல்லா இருக்குதுங்க. யாராச்சும் குமிழைத் திருப்பியிருப்பாங்க."

யாராச்சும்! சரசு பள்ளிக்கூடத்தில். அவர் பனியன் கம்பெனியில். மீதி யார்?

உப்பு, தீப்பெட்டி வாங்க வேண்டும்.

12, வியாழன்

திருநீற்றைக் குழைத்து, குமிழுக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தேன். யார் திருப்பினாலும் கோடு உடையும். ஓவனைப் போட்டுவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்தால் கோடே இல்லை. பக்கத்தில் நங்கையா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு. நெற்றியில் புதுத் திருநீறு. பிஸ்கட் மறுபடியும் வெளுப்பு.

கேட்டுவிட்டேன். "ஏனுங்க நங்கையா, குமிழைத் தொட்டீங்களா?"

"சாமி திருநீறு, எச்சக் கை படற எடத்துல இருக்குதேன்னு வழிச்சுப் பூசிக்கிட்டேன். திருப்பல."

"கோழி வெந்த பெட்டின்னு சொன்னவங்க நீங்கதானுங்களே?"

கீரையைக் கீழே வைத்தார்கள். "புடிக்கலைன்னா உன்ற மூஞ்சிக்கு நேராச் சொல்லுவேன் அம்மிணி. களவாணித்தனம் எதுக்கு? இனி இந்த ஊட்டுல கை நனைக்க மாட்டேன்."

அவர்கள் வீட்டுக்காரர் போனதிலிருந்து எட்டு வருடமாக இங்கேதான் சாப்பாடு. மதியச் சோறு வைத்தது வைத்தபடி. மூன்று மணி பஸ்ஸில் மூலனூர், தன் மகள் வீட்டுக்கு. அவர் வந்து விஷயம் கேட்டார். சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

நான் செய்தது சரிதான்.

14, சனி, அமாவாசை

ஒரு பொழுது. வீட்டில் நான் மட்டும். இரண்டாம் புள்ளிதான். முப்பத்தைந்து நிமிடம் ஆகும் என்று பூப்பறிக்கப் போனேன். கருகல் வாசனை. தட்டு முழுக்கக் கரி.

'பார்த்தாயா முருகா, அவர்கள் போனதும் சூடு வந்துவிட்டது' என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்வீட்டு விசைத்தறிக்காரர் சம்சாரம் எட்டிப் பார்த்தாள். "என்னுங்கக்கா, வெளக்கும் பளபளங்குது, பிஸ்கட்டும் கருகுது! அமாவாசைக்குத் தறி ஓட்டறதில்லீங்களே, தெருக் கரண்டு பூரா இன்னிக்கு உங்களுக்குத்தான்."

அவள் சிரித்தாள். நான் இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். முதல் முறை நன்றாக வந்தது போன அமாவாசையில்.

15, ஞாயிறு

தறி ஓடும்போது: ஐந்து சுற்று, மாவு வெள்ளை.
தறிக்காரர்கள் சாப்பிடப் போய், தெருவே நின்ற நேரம்: மூன்றாம் சுற்றில் மாவு பழுப்பு.
இரண்டு முறையும் எதிரேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் தொடவில்லை.

அவரிடம் சொன்னேன். "அக்காளுக்கு நீயே எழுது" என்றார். வியாழனுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

16, திங்கள்

கார்டு போட்டாயிற்று. கார்டு என்றால் அங்கே எல்லாரும் படிப்பார்கள். படிக்கட்டும். எழுதியது:

நங்கையா அவர்களுக்கு. குமிழை நீங்கள் திருப்பவில்லை. தறி ஓடும்போது கரண்டு குறைந்து ஓவன் சூடு ஏறுவதில்லை, சோதித்துப் பார்த்துவிட்டேன். உங்களைச் சொன்னது என் குற்றம். உங்கள் தம்பி சரியாகச் சாப்பிடுவதில்லை. வெள்ளிக்கிழமை உங்களை அழைத்துவர அவரை அனுப்பட்டுமா? வருவீர்களா, மாட்டீர்களா என்று மகளை விட்டு ஒரு வரி சீக்கிரம் எழுதச் சொல்லுங்கள்.