ஜீப்புக்குப் பித்தளை பிளக்

ஜனவரி 9

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் என் மகன். அவன் பக்கத்தில் என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை. பின் சீட்டில் நான், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு அவர், அந்தப் பக்கம் மடியில் தண்ணீர்க் கேனோடு மருமகள். கிளம்பும்போது ஐந்து பேர். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியது நாலு பேர்.

எழுதச் சொன்னது பேத்தி. "பாட்டி, நீங்க அழவும் மாட்டேங்கறீங்க, பேசவும் மாட்டேங்கறீங்க. எழுதியாவது பாருங்க" என்று டைரியைக் கொடுத்தாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணும். ஞாபகம் கோணாது.

ஜனவரி 10

துணி மடித்தேன். அவர் சட்டையையும் சேர்த்து மடித்துவிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஜனவரி 12

நடந்ததை எழுதிவிடுகிறேன். அவருக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் மேடு ஏறி வந்து சேர நேரமாகும் என்றார்கள். அவருடைய ஜீப்பிலேயே கிளம்பினோம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, எந்த மேடும் ஏறும் என்று பெருமை அடிப்பார்.

மேட்டில் பாதியில் டப்பென்று ஒரு சத்தம். பானட்டைச் சுற்றி ஆவி. ரேடியேட்டர் தலையில் கட்டைவிரல் கனத்தில், ஓட்டையைத் திருகி மூடுகிற ஒரு பிளாஸ்டிக் பிளக் இருந்திருக்கிறது. சூட்டில் வெந்து வெந்து முறுகிக் கிடந்தது அன்றைக்குப் பார்த்துத் தெறித்துவிட்டது. மகன் உடனே நிறுத்தினான். மருமகள் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஊற்றிய தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே பொங்கி வந்தது. மகன் துணியைச் சுருட்டி அடைத்தான். கை வெந்ததுதான் மிச்சம். மாப்பிள்ளை போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு சிக்னல் தேடினார்.

அவர் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. மகனைப் பார்த்து.

"ஓட்டத் தெரியாதவன் கையில குடுத்தேன் பாரு. வண்டியையும் கொன்னுட்ட, என்னையும் கொன்னுட்ட."

அதோடு சரி. ஒரு லாரி வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. அதற்கு முன்பே முடிந்துவிட்டது. லாரிக்காரன் ஓட்டையை எட்டிப் பார்த்து, "பித்தளை பிளக் போட்டிருந்தா இப்படி ஆயிருக்காதே" என்றான்.

அவர் சொன்னதை வீட்டில் யாரும் திருப்பிச் சொல்வதில்லை. ஆனால் தட்டு வைக்கும்போதெல்லாம் அதுவும் வந்து எங்களோடு உட்காருகிறது.

ஜனவரி 17

இழுத்துவந்து வாசலில் விட்ட ஜீப்பின் பக்கமே மகன் போவதில்லை. வேலைக்குப் பஸ். சாப்பாடு நின்றுகொண்டே. கண்ணில் பட்ட குழாயை எல்லாம் இறுக்குகிறான், பாட்டில் மூடியைக்கூட விடுவதில்லை. இன்று குளியலறைக் குழாய் கையோடு முறிந்து வந்தது.

"இவர் மூடின குழாயைத் திறக்க ஒரு பயில்வானை வேலைக்கு வைக்கணும் அத்தை" என்றாள் மருமகள். சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

ஜனவரி 18

யார் மேல் கோபப்படலாம் என்று யோசித்தேன். கிளம்புகிற நேரத்தில் செருப்பைத் தேடிய மாப்பிள்ளை. தாலி கட்டவே தாமதமாக வந்த மாப்பிள்ளை அவர். "கேஸை மூடினேனா" என்று வாசலிலிருந்து திரும்பி ஓடிய மருமகள். மாதாமாதம் பானட்டைத் திறந்து பார்த்த மெக்கானிக். அவன் கண்ணில் அந்தப் பிளாஸ்டிக் படவில்லையா?

என் தலைப்பிரசவத்தில் நாத்தனார் சொன்ன சொல்லை இன்றைக்கும் அட்சரம் பிசகாமல் வைத்திருக்கிறேன். இவர்களுக்கும் என்னிடம் இடம் இருக்கிறது.

ஜனவரி 24

மாப்பிள்ளை ஜீப்பை வாங்க ஆள் கூட்டிவந்தார். மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வித்துடுங்க" என்றான்.

"முதல்ல பித்தளை பிளக் போடுங்க, அப்புறம் வில்லுங்க. இதுல ஏறுற இன்னொருத்தி நடுரோட்டுல நிக்க வேணாம்" என்றேன்.

"விக்கிற வண்டிக்கு எதுக்கு அத்தை? அடுத்தவன் வீட்டுக்கு நாம வெள்ளையடிக்கிற மாதிரி."

"உங்க வீட்டுக்கு அடிச்சோமே மாப்பிள்ளை. அப்ப கசக்கலையே."

வாங்க வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நாளைக்கு வருகிறேன் என்று போனவர் வரமாட்டார்.

ஜனவரி 27

மெக்கானிக் வந்தான். கேட்க வேண்டியதை எல்லாம் நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

"ஏம்ப்பா, பித்தளை பிளக் போடணும்னு உனக்கு இப்பத்தான் தெரியுதா?"

அவன் முழித்தான். "என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? மழைக்கு முன்னாடியே மேலுக்கு ஒண்ணு கீழுக்கு ஒண்ணு வாங்கி ஐயா கையில குடுத்தேனே. நானே போட்டுத் தரேன்னேன். 'பாக்குறதோட நிறுத்து, என் வண்டியில எவன் கையும் படக்கூடாது, நான் போட்டுக்கறேன், போ'ன்னுட்டாரு."

அவன் போனதும் ஜீப்பின் பின்கதவைத் திறந்தேன். பின் சீட்டின் காலடியில், அவர் உட்கார்ந்த இடத்துக்கு நேராக, அவருடைய சாமான் பெட்டி. ஸ்பானர்களுக்கு அடியில் ஒரு எண்ணெய்த் துணி மூட்டை. அவர் போடுகிற முடிச்சு. அவிழ்க்காமல் தடவிப் பார்த்தேன். உருண்டையாக, கனமாக, இரண்டு.

ஜனவரி 28

அன்றைக்கும் அந்தப் பெட்டி அங்கேதான் இருந்தது. ஓட்டையும் இருந்தது, மருமகளிடம் தண்ணீரும் இருந்தது. இந்தப் பிளக்கைத் திருகிவிட்டு ஊற்றியிருந்தால் வண்டி நகர்ந்திருக்கும்.

மறந்துவிட்டாரா? — அவரா? என் அப்பா சீர்வரிசையில் வைக்காமல் விட்ட ஒரு குத்துவிளக்கைச் சாகும் வரை சொல்லிக் காட்டியவர். ஆவி கிளம்பியதும் காலை இழுத்து அந்தப் பெட்டி மேல் அழுத்தி வைத்தார். நான் பார்த்தேன். வலி தாங்காமல் செய்கிறார் என்று நினைத்தேன்.

பெட்டியைத் திறந்தால் அவர் போடாமல் விட்டது வெளியே வந்துவிடும்.

மகனைத் திட்ட மூச்சு இருந்தது. 'பெட்டியைத் திற' என்று சொல்ல இல்லையாம்.

ஜனவரி 31

மூட்டையை மகனிடம் கொடுத்தால் அவனுக்கு அப்பன் போய்விடுவான். கொடுக்காவிட்டால் எனக்கு அவன் போய்விடுவான். என்னத்தைச் செய்ய? யாரைக் கேட்க?

பிப்ரவரி 1

கொடுத்துவிட்டேன்.

"இது அப்பா போடுற முடிச்சில்ல? எங்க இருந்தது?"

"வண்டியில. அவர் கால் கீழ. அன்னைக்கும்."

அவிழ்த்துப் பார்த்தான். ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். "சூடு காட்டுற முள்ளைப் பாத்துக்கிட்டேதான் ஓட்டிட்டு வந்தேம்மா" என்றான். அதைச் சொல்ல இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

"தெரியும்டா."

"இது இருக்குன்னு தெரிஞ்சேவா என்னை அப்படிச் சொன்னாரு?"

பொய் வாய் வரைக்கும் வந்தது. எச்சிலோடு விழுங்கினேன். "தெரிஞ்சேதான்."

அவனும் அழவில்லை. என் வயிற்றில் பிறந்தவன். பிளக்கைத் துணியிலேயே வைத்துவிட்டு, "பசிக்குது" என்றான். தட்டை வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

பிப்ரவரி 4

மெக்கானிக் பக்கத்தில் நிற்க, மகனே போட்டான். மேலே ஒன்று, கீழே ஒன்று, புது ரப்பர் வளையத்தோடு. சூடு தணிக்கிற கூலண்ட் ஊற்றி, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றினார்கள். ஸ்பானரைக் கையில் எடுத்தவனை மெக்கானிக் தடுத்தான்.

"வேணாம் தம்பி. பிளக்குதான் பித்தளை, அது உக்காருற இடம் பிளாஸ்டிக். பலத்தைக் காட்டினா டேங்க் பொளந்துடும். கையால போதும்." பிறகு என்ஜினைக் காது வைத்துக் கேட்டான். "நீங்க அன்னைக்கு உடனே நிறுத்தினதாலதான் இது பொழச்சுது. வேற ஒருத்தனா இருந்தா என்ஜினையே வறுத்திருப்பான்."

மகன் ஸ்பானரைக் கீழே வைத்தான். விரலால் திருகினான். நின்ற இடத்தில் விட்டான். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 5

"வண்டியை விக்கல" என்று மாப்பிள்ளைக்கு மகனே போன் செய்து சொன்னான்.

பிப்ரவரி 9

கண் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. "முன்னாடி உக்காருங்கம்மா" என்றான். அந்த மேட்டில் நான் முள்ளையே பார்த்தேன். நடுவிலேயே நின்றது. அந்த இடம் வந்தபோது அவன் கியரை மாற்றினான், வேறொன்றும் செய்யவில்லை. ஏறிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து கை கழுவினேன். குழாய் லேசாகத் திறந்தது.

மாப்பிள்ளையின் செருப்பை விட்டுவிட்டேன். மருமகளின் கேஸை விட்டுவிட்டேன். மெக்கானிக்குக் காபி போட்டுக் கொடுத்தாயிற்று. நாத்தனாரைக்கூடப் போனால் போகிறது என்று விடலாம்.

ஒருவரை மட்டும் மன்னிக்க மாட்டேன். மூச்சு நின்றதற்காக இல்லை. பிளக் போடாததற்காகவும் இல்லை. என் பிள்ளை தலையில் அந்தப் பழியை வைத்துவிட்டுப் போனதற்காக.

என் புருஷன்.