இல்லம்மா

பிப்ரவரி 4

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம். கடிதத்தில்தான் ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடிகிறது.

எங்கள் சட்டத் தத்துவ வட்டத்தின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு என் கட்டுரையை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்லூரி நூலக மாடியில், அந்த நீள மேசை அறையில். தலைப்பைச் சொன்னால் நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாய்: ‘சொல் மட்டும் போதாது.’ ஆமாம், உன் புத்தகத்துக்குத்தான் பதில். விதியில் இருக்கும் சொல்லைப் பார், எழுதியவர் மனதுக்குள் கையை விட்டுத் துழாவாதே என்று நீ நீதிபதியாக உட்கார்ந்த நாள் முதல் சொல்லி வருகிறாய். சொல்பவரின் எண்ணத்தை விட்டுவிட்டால் சொல்லுக்குப் பொருளே இல்லை என்பது என் கட்சி.

முதல் கேள்வியை நீதான் கேட்க வேண்டும் என்று வட்டத்தின் தலைவர் ஒற்றைக்காலில் நிற்கிறார். (அவரை நாங்கள் ‘காற்புள்ளி’ என்போம். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் அதைத்தான் தேடுவார்.) கடைசியில் எனக்குப் பதிலுரை உண்டு. அதில் உன் கேள்விக்குச் சரியான பதில் சொன்னால்தான் கட்டுரை ஆண்டுமலரில் ஏறும்.

ஒரு விதி இருக்கிறது. அரங்கில் யாரும் யாரையும் உறவுமுறை சொல்லி அழைக்கக் கூடாது. மீறினால் பதிலுரை கிடையாது. முன்பு ஒருவர் கட்டுரை வாசித்தபோது அவருடைய மாமனாரே எழுந்து கேள்வி கேட்டாராம். இவர் “நீங்க சொன்னா சரிதான் மாமா” என்று உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு வந்த விதி. ஆகவே நான் உனக்குக் ‘கட்டுரையாளர்’, நீ எனக்கு ‘நீதிபதி அவர்கள்’. உன்னை ‘நீங்க’ என்று கூப்பிடக் கண்ணாடி முன் நின்று பழகுகிறேன். சிரிப்பு வந்து தொலைக்கிறது.

வருவாய்தானே? என் எழுத்தைப் பற்றி இதுவரை நீ சொன்ன பெரிய பாராட்டு ‘பிழை இல்லை’. ஒரு தடவையாவது ‘நல்லா இருக்கு’ என்று உன் வாயால் கேட்க வேண்டும் அம்மா. அதற்காக விட்டுக்கொடுத்துத் தொலைக்காதே. அப்புறம் உன்னோடு பேசவே மாட்டேன்.

உன் மகள்,
வாயாடி


பிப்ரவரி 11

அன்பு வாயாடிக்கு,

வருகிறேன். கட்டுரையைப் படித்தேன். இரண்டாம் பகுதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. எங்கே என்று சொல்ல மாட்டேன், நேரில் வந்து காட்டுகிறேன்.

“பெத்த பொண்ணுகிட்டயா மல்லுக்கட்டப் போற? பேசாம கைதட்டிட்டு வா” என்கிறார் உன் அப்பா. கைதட்ட அவர் ஒருவரே போதும். கட்டுரையில் நன்றியுரையை மட்டும் படித்துவிட்டு, முழுவதையும் படித்தவர் மாதிரி பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

நான் விட்டுக்கொடுப்பேன் என்று உனக்கு எப்படித் தோன்றியது? அதில் எனக்குக் கோபம்தான். என் முன்னால் வாதாடும் பெரிய பெரிய வழக்கறிஞர்கள்கூட என் புத்தகத்தை நேருக்கு நேர் மறுப்பதில்லை. வழவழவென்று சுற்றி வளைத்துப் பேசிவிட்டுப் போகிறார்கள். நீ முதல் பக்கத்திலேயே என் பெயரைப் போட்டு ‘தவறு’ என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பக்கத்தை எங்கள் நீதிமன்றத் தட்டச்சரிடம் காட்டினேன். ஏன் காட்டினாய் என்று கேட்காதே.

எனக்காகச் சமைக்க வேண்டாம். ‘சாப்பாடு தயார்’ என்று நீ சொல்லும்போது மட்டும், சொல் போதாது என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு.

அம்மா


மார்ச் 17

அன்புள்ள அம்மாவுக்கு,

ரயில் நிலையத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றோம். அரங்கில் என்ன நடந்தது என்று நீ வீட்டிலும் வாய் திறக்கவில்லையாமே, அப்பா போனில் புலம்பினார். அதனால் அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். படித்துக்காட்டு.

அப்பா, அம்மா கேட்ட கேள்வி இதுதான்: “விதியை எழுதினவங்க எல்லாரும் செத்துப்போயாச்சு. அவங்க எண்ணம் என்னன்னு யார்கிட்ட போய்க் கேப்பீங்க, கட்டுரையாளர் அவர்களே?”

எனக்குப் பதில் தெரியும். துள்ளி எழுந்து “இல்லம்மா, அப்படி இல்ல” என்றேன். சொன்னதே எனக்கு உறைக்கவில்லை. ஜன்னலோரம் இருந்த வழக்கறிஞர் கையைத் தூக்கி “விதிமீறல்!” என்றார்.

அதற்குப் பிறகு என் கட்டுரையை யார் சீண்டினார்கள்? அந்த ‘அம்மா’தான் பேச்சு. “அம்மான்னா தாய். அகராதியப் பாருங்க” என்றார் வழக்கறிஞர். “பஸ்ல பக்கத்துல இருக்கறவங்களயும் ‘கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா’ன்னுதான் சொல்றேன். அவங்க எனக்கு என்ன உறவு?” என்றார் நூலகர். ‘இல்லை’க்கும் ‘அம்மா’வுக்கும் நடுவில் காற்புள்ளி உண்டா என்று தலைவர் என்னையே கேட்டார். கடைசியில் அம்மாவிடம் கருத்துக் கேட்டார்கள். தீர்ப்பு வாசிக்கும் அதே குரல்: “இந்தச் சொல் எல்லாப் பெண்களுக்கும் பொது. சொன்னவங்க மனசுக்குள்ள நாம போகக் கூடாது. விதிமீறல் இல்ல.”

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். நான் பேசாமல் இருந்திருந்தால் பதிலுரை கிடைத்திருக்கும், கட்டுரையும் மலரில் ஏறியிருக்கும். ஆனால் சொல்பவரின் எண்ணம்தான் பொருள் என்று அப்போதுதானே வாசித்து முடித்திருந்தேன்? எழுந்து, “நான் பொதுவா சொல்லல. எங்க அம்மாவத்தான் கூப்பிட்டேன்” என்றேன்.

பதிலுரை போயிற்று. இந்த வருஷ மலரில் நான் இல்லை. அரங்கில் அழவில்லை அப்பா. வீட்டுக்கு வந்துதான் கொஞ்சம் அழுதேன்.

அம்மா, ஒன்றே ஒன்று சொல். என்னைக் காப்பாற்றத்தான் அப்படித் தீர்ப்புச் சொன்னாயா? மலர் போனதைவிட அதுதான் என்னைக் குடைகிறது.

வாயாடி


மார்ச் 24

அன்பு மகளுக்கு,

அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன். ‘எங்க அம்மாவத்தான் கூப்பிட்டேன்’ என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை படிக்கவைத்தார். பிறகு “அப்ப யாருதான் ஜெயிச்சது?” என்றார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஸ்கோர் வேண்டும்.

உன்னைக் காப்பாற்றவில்லை. என் கட்சிப்படி தீர்ப்பு அதுதான். வேறு யார் மகளாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லி முடித்ததும் மனசு என்னவோ செய்தது. நீ முதன்முதலில் பேசிய சொல் அது. அதைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கும் பொது என்று நானே சொல்லிவிட்டேன், அதுவும் சரியான காரணங்களோடு!

நீ எழுந்து அந்தத் தீர்ப்பை உடைத்தாய். என் தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தாகும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அன்றைக்கு வரவில்லை. எத்தனையோ பேர் ஜெயிப்பதற்காக என் முன்னால் சொன்னதை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஜெயித்த பிறகு எழுந்து, உண்மை அது இல்லை என்று தன் வழக்கைத் தானே தோற்கடித்த ஒருவரை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன், அது என் மகள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நூலகர் பக்கம் திரும்பி “என் பொண்ணு” என்று சொல்லிவிட்டேன். அதையும் விதிமீறல் என்று யாராவது கிளம்பினால், நான் அழைக்கவில்லை, சொன்னேன் என்று வாதாடத் தயார்.

ரயில் நிலையத்தில் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். அதனால்தான் பேசவில்லை.

சட்டத்தைப் படிப்பதில் என் கட்சியை விடவில்லை. என் கேள்வி அப்படியே நிற்கிறது. அடுத்த வருஷம் பதிலோடு வா, நானும் வருகிறேன். விதியில் ‘அம்மா நீங்கலாக’ என்று சேர்க்கப்போவதாகக் காற்புள்ளி எழுதியிருக்கிறார். எந்த அம்மா என்று கேட்டு நீயே அதைக் கிளப்பிவிடு.

உன் கட்டுரையில் பிழை இருக்கிறது. நல்லா இருக்கு.

அம்மா

(மேலே கையெழுத்தாகப் போட்ட சொல்லை மட்டும், எழுதியவளின் எண்ணத்தோடு சேர்த்துப் படி.)