சிவப்புக் கோடு போட்ட பேணி

கார்த்திகை 3, திங்கள்
விடியமுன் தொடங்கிய மழை. விறாந்தைக் கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு, வாளி இரண்டு. புண் கட்டும் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்படியில் கொடி கட்டிக் காயப் போட்டேன். எல்லாம் புகை மணம்.

காலை ஜெபத்தில் டொக்டர் அம்மா, வழக்கம்போல: "நோயாளி சொன்னது கட்டிலோடு நிற்க வேண்டும்." சீமையிலிருந்து வந்து இத்தனை வருடம், இன்னும் புத்தகத் தமிழ்தான். அந்த வசனத்தை எழுதிச் சுவரில் மாட்டியவள் நான். எனக்கு ஒன்பது வருடச் சேவை. கூட வேலை செய்யும் நேர்ஸ் ராசமணிக்கு இரண்டு. (இனி ரா. அவளுக்கு இவ்வளவு மை போதும்.)

பெண்கள் வாட்டில் பன்னிரண்டு கட்டில். பன்னிரண்டு வாயும் ராசமணி, ராசமணி. என்னை மட்டும் "நேர்சம்மா". பொலிசைக் கூப்பிடுவதுபோல.

4, செவ்வாய்
மழை விட்டது. புதுச் செருப்பு ஊறிப் பிய்ந்தது.

ஆறாம் கட்டில் பறுவதம். ஊர் கோப்பாய், புகையிலைத் தோட்டக்காரரின் மனைவி. கசம், நெஞ்சை அரிக்கிற தொற்று நோய். அவளைத் தவிரத் தெரிந்தவர்கள் நாலு பேர்: டொ.அம்மா, புருஷன், ரா., நான். வெளியே சொல்வது நெஞ்சுச்சளி. மூத்த மகளைப் புருஷனின் தமக்கை மகனுக்குத் தையில் கட்டிவைக்கப் பேசியாயிற்று. கசம் என்று தெரிந்தால் அந்தத் தமக்கை அடுத்த நாளே வேறு பெண் பார்ப்பாள். டொ.அம்மா மகளையும் சோதித்துப் பார்த்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆகவே சொல்வதும் விடுவதும் நோயாளியின் விருப்பம் என்று தீர்ப்பு. நியாயம்தான், நானும் ஒப்புக்கொண்டேன்.

பறுவதத்தின் பேணி, கோப்பை, கரண்டி மூன்றிலும் சிவப்பு மையால் கோடு. தனியாக அவிப்பது. கோடு போட்டதும் நான், அவிப்பதும் நான். சலவைச் சோடாத் தண்ணீரில் விரலெல்லாம் வெடிப்பு. ரா.வின் வேலை என்ன? தலை வாரிவிடுவது, கட்டிலோரம் நின்று கதை கேட்பது. இன்று இருவரும் எதற்கோ சிரித்தார்கள். நான் மருந்தோடு போனேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"உவ வந்தால் காய்ச்சல் கூடுது" என்று எட்டாம் கட்டில் என்னைப் பற்றி முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும் என்றே சொன்னது.

6, வியாழன்
பார்வையாளர் நேரம். பறுவதத்தின் மச்சாள் வந்தாள், அந்தத் தமக்கைதான். முட்டைமா, பனம்பழப் பினாட்டு, வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு. சிவப்புக் கோட்டைக் கண்டாள். மற்றப் பேணிகளோடு சேராமல் தனியாகக் கவிழ்த்திருப்பதையும் கண்டாள். முகம் மலர்ந்துபோயிற்று. கண்ட சாதியும் வாய் வைத்த பேணியைத் தங்கள் வீட்டு ஆளுக்குக் கொடுக்காமல் புறம்பாக ஒன்று வைத்திருக்கிறார்களாம். ஆசாரம் தெரிந்த ஆசுப்பத்திரியாம். பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ரா. மறுக்கவுமில்லை, ஆமோதிக்கவுமில்லை, தலையணையைத் தட்டிப் போட்டாள். கெட்டிக்காரி. நானென்றால் தடுமாறியிருப்பேன். அதை நினைக்க இன்னும் எரிச்சல்.

7, வெள்ளி
நினைவு: அயடின், பஞ்சு, விளக்குத் திரி. அண்ணைக்குக் கடிதம்.
பல்வலி. கராம்பு வைத்தேன்.

9, ஞாயிறு
இதை எழுதத்தான் வேண்டும்.

மச்சாள் மறுபடி வந்தாள். கையில் ஒரு பெட்டி முறுக்கு. வாட்டுக்குள் போகமுன் விறாந்தையில் என்னை மறித்துக் கேட்டாள், "ராசமணி எங்கை? எங்கடை ஆளுக்கெண்டு தனிப் பேணி பாத்து வைச்ச பிள்ளை. அவளின்ரை கையிலைதான் குடுக்கவேணும்."

வெடித்த விரலோடு நிற்கிறேன். கண்ணுக்கு முன்னால் முறுக்குப் பெட்டி.

சொன்னேன்: "அக்கா, அது ராசமணி வைச்சதில்லை, நான் வைச்சது. சாதிக்கு வைச்சதுமில்லை. கோடு போட்ட சாமானைத் தனியா அவிக்கிறது. ஏனெண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ."

கசம் என்ற சொல் என் வாயில் வரவில்லை. அதை நூறு தரம் எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். பிரயோசனமில்லை. மச்சாளின் முகம் வெளிறியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே போகவில்லை. முறுக்குப் பெட்டியோடு வாசல் படலையைக் கடந்து போய்விட்டாள்.

வேண்டுமென்று சொல்லவில்லை. பொய். அந்த ஒரு நிமிடம் வேண்டுமென்றேதான்.

11, செவ்வாய்
புருஷன் வந்தார். சம்பந்தம் முறிந்தது. தமக்கை சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: ஆசுப்பத்திரி நேர்ஸ் ஒருத்தியின் வாயால் கேட்டாளாம். பெயர் கேட்கவில்லையாம். அது ரா. இல்லையென்று அவளுக்குத் தெரியும், அதை மட்டும் சொல்லி அனுப்பவில்லை. மனிதர் விறாந்தைத் தூணைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

டொ.அம்மா எங்களைக் கூப்பிட்டார். பறுவதத்தோடு அதிகம் கதைத்தது யார் என்று கேட்டார். எல்லாருடைய கண்ணும் ரா. பக்கம். அவள் சொன்னாள், "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை அம்மா." அதற்குமேல் சத்தியமும் இல்லை, சண்டையும் இல்லை. அழுதாள்.

நான் வாய் திறக்கவில்லை. இரண்டு தரம் திறக்கப் பார்த்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஒரு தரம்கூட இல்லை.

13, வியாழன்
ரா.வைச் சலவை அறைக்கு மாற்றியாயிற்று. போகமுன் பறுவதத்துக்குப் பால் கொண்டுபோனாள். பறுவதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பால் ஆடை படியுமட்டும் ரா. பேணியோடு நின்றாள்.

பாவமாக இருந்தது. பாவத்துக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. ஆறாம் கட்டில் இனி என்னுடையது.

14, வெள்ளி
வெயில். துணி முழுக்கக் காய்ந்தது.

காலையில் படுக்கை மாற்றப் போனேன். பறுவதம் என் சீலைத் தலைப்பைப் பிடித்தாள். "தங்கச்சி" என்றாள். ஒன்பது வருடத்தில் இந்த வாட்டில் ஒருவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"உம்மை நான் பிழையா நினைச்சிட்டன், தங்கச்சி. சிரிச்சுக் கதைக்கிறவையை நம்பினன். வாய் திறவாத நீர்தான் நல்ல ஆள்."

பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சீலைத்துண்டைக் காட்டினாள். இரத்தம். இரவு இரண்டு தரமாம். டொ.அம்மாவுக்குத் தெரிந்தால் புறம்பான அறையில் போட்டுவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாளாம். கலியாணம் குழம்பிய பிள்ளையைக் கிட்ட வைத்து இரண்டு சொல்லுச் சொல்ல வேண்டுமாம்.

"டொக்டர் அம்மாவுக்குச் சொல்லாதையும். கையடிச்சுச் சத்தியம் தாரும்."

டொ.அம்மாவிடம் அந்த நிமிடமே ஓடிச் சொல்லவேண்டிய விஷயம். நேற்றுச் சேர்ந்த பயிற்சிப் பிள்ளைக்கும் தெரியும். இரத்தம் கண்டால் ஒரு மணித்தியாலம்கூடத் தாமதிக்கக் கூடாது.

உள்ளங்கையை நீட்டிக்கொண்டிருந்தாள். கொதிக்கிற கை. கையடித்துக் கொடுத்தேன். சந்தோஷமாக இருந்தது. ஆண்டவரே, சந்தோஷமாகத்தான் இருந்தது.

துண்டை அடுப்பில் போட்டேன். அறிக்கைத் தாளில் எழுதினேன்: ஆறாம் கட்டில், இரவு நல்ல நித்திரை.