பீச்சாங்கைத் துப்பாக்கி

ஞாயிறு, இரவு

எனக்கென்று முதல் ஏர் பிஸ்டல் பார்க்க இன்று துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போனோம். போலீஸ்காரருடையது போல இருக்கிறதென்று என் வீட்டுக்காரர் ஒரு கறுப்பு பிஸ்டலை எடுத்துக் கொடுத்தார். கைப்பிடி வலது உள்ளங்கையில் உட்காரவே இல்லை. சுட்டதெல்லாம் சுவருக்குப் போனது. பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டு நான் இடக்கையால் வியர்வை துடைப்பதைப் பயிற்சியாளர் பார்த்துவிட்டார்.

"உங்களுக்கு எந்தக் கைங்க வாகு?"

நாற்பது வயதில் இப்போதுதான் ஒருவர் கேட்கிறார். அம்மா கரண்டியால் அடித்து மாற்றிய கை இது. "பீச்சாங்கைங்க" என்றேன், மெதுவாக. இடக்கைக்கென்றே கைப்பிடி செதுக்கிய ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் குண்டே கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது.

"இதையே வாங்கிக்க. ஊட்டுல சோறு மட்டும் சோத்தாங்கையில போடு" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். அம்மாவுக்குத் தெரிந்தால்... பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வரியை இடக்கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது போலிருக்கிறது. அடித்துத் திருத்தப்போவதில்லை.